எஸ்.பி.எம். முடிந்தது: ஆறாம் படிவமா, கல்லூரியா?

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடிவு வந்ததும் செகிஞ்சான், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது? பல வீடுகளில் இந்த முடிவை இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தது, மாமா மகன் என்ன சொன்னான் என்பதை வைத்தே எடுக்கிறார்கள். பிள்ளையின் அடுத்த நான்கைந்து ஆண்டும் குடும்பத்தின் பெரும்பணமும் இதில் அடங்கியிருக்கின்றன. அதனால் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், என்னென்ன வழிகள் இருக்கின்றன? பிள்ளைக்குப் பட்டப்படிப்புதான் இலக்கு என்றால் இடையில் ஒரு படி ஏற வேண்டும். அந்தப் படி ஆறாம் படிவமாக இருக்கலாம், மெட்ரிகுலேஷனாக இருக்கலாம், ஒரு கல்லூரியின் அடிப்படைக் கல்வியாகவும் (பட்டப்படிப்புக்கு முந்திய ஓராண்டு ஆயத்தப் படிப்பு) இருக்கலாம். கைத்தொழிலோடு சேர்ந்த படிப்பு வேண்டும், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் டிப்ளோமா பக்கம் திரும்பலாம். அதற்கு போலிடெக்னிக் இருக்கிறது, தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன் இந்த இரண்டில் எது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

"ஆறாம் படிவம் என்றால் மறுபடியும் பள்ளிக்கூடம்தானே?" பிள்ளைகள் முகம் சுளித்துக் கேட்கும் கேள்வி இது. ஆமாம், பெரும்பாலும் ஓர் இடைநிலைப்பள்ளிக்குள்தான் வகுப்பு நடக்கும். சில இடங்களில் ஆறாம் படிவத்துக்கென்றே தனிக் கல்லூரி உண்டு. இந்தப் பெயர் வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளி முறையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் இன்றும் 16 வயதுத் தேர்வு முடிந்ததும் பள்ளியிலேயே ஆறாம் படிவமா, வெளியே கல்லூரியா என்று இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்கள். நம் நாட்டில் பழைய எச்.எஸ்.சி. தேர்வுக்குப் பதிலாக 1982 முதல் எஸ்.டி.பி.எம். (மலேசிய உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு) நடக்கிறது. இதை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். சான்றிதழ் கையில் வர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு படிக்க வேண்டும்.

"அது ரொம்பக் கடினமான தேர்வாமே?" எளிதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் அண்ணனோ அக்காவோ அந்தக் காலத்தில் எழுதிய தேர்வு இப்போது இல்லை. அன்று இரண்டு ஆண்டு படித்ததை எல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். 2012-இல் அந்த முறை மாறியது. இப்போது மூன்று தவணை, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தேர்வு. பாடத்தைப் பொறுத்து இடுபணிக்கும் (வகுப்புக் காலத்தில் செய்து ஒப்படைக்கும் ஆய்வு அல்லது செயல்முறை வேலை) மதிப்பெண் உண்டு. முதல் இரண்டு தவணைகளில் ஒரு தாள் சறுக்கிவிட்டால் அதைத் திரும்ப எழுதலாம், எது நல்ல மதிப்பெண்ணோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் காய்ச்சல் வந்ததால் இரண்டு ஆண்டு உழைப்பு போயிற்று என்ற நிலை இன்று இல்லை. இதைத் தெரியாமலே எத்தனையோ பெற்றோர் "எஸ்.டி.பி.எம். வேண்டாம், பிள்ளை தாங்காது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

எத்தனை பாடம்? பெரும்பாலோர் நான்கு பாடம் எடுக்கிறார்கள். அதில் 'பெங்காஜியான் ஆம்' எனப்படும் பொதுப்பாடம் கட்டாயம், மற்ற மூன்றும் பிள்ளையின் விருப்பம். தமிழ்மொழியையும் எஸ்.டி.பி.எம்.மில் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆங்கிலத்துக்கு முவெட் (பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு) தனியாக எழுத வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலம் அதிகம் புழங்காத நம் பிள்ளைகளில் பலர் கடைசியில் தடுக்கி விழுவது இந்த முவெட்டில்தான். முதல் தவணையிலிருந்தே அதற்குத் தயாராகச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது அதைப் பொறுத்துத்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் 4.00 வரை புள்ளி உண்டு. ஏ என்றால் 4.00, பி பிளஸ் 3.33, பி 3.00, சி 2.00. ஒரு பிள்ளை நான்கு பாடத்தில் ஒரு ஏ, ஒரு பி பிளஸ், இரண்டு பி எடுத்தால் கூட்டுத்தொகை 13.33. அதை நான்கால் வகுத்தால் 3.33. இதுதான் பி.என்.ஜி.கே. (சராசரிப் புள்ளி).

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சராசரியை 90 விழுக்காட்டுக்கு மாற்றுவார்கள். 3.33 எடுத்த பிள்ளைக்கு ஏறத்தாழ 75 வரும். மீதி 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு, அதாவது சீருடை இயக்கம், கழகம், விளையாட்டுக்கு. 10-இல் 8 வாங்கிய பிள்ளையின் மொத்தம் 83 ஆகிறது, 3 வாங்கிய பிள்ளை 78-இல் நின்றுவிடுகிறது. போட்டி அதிகமுள்ள துறையில் இந்த 5 புள்ளிக்குள் வரிசையில் எத்தனையோ பேர் நிற்பார்கள். "படிப்பைப் பார், பந்தாட்டம் எதற்கு" என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் மாலை நடவடிக்கைக்கு நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பேருந்துதான். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்தாலே அந்தப் புள்ளிகள் கையில் வந்துவிடும்.

மெட்ரிகுலேஷன் பக்கம் வருவோம். கல்வி அமைச்சு நடத்தும் ஆயத்தப் படிப்பு இது. பெரும்பாலோருக்கு ஓராண்டில் முடிந்துவிடும். அறிவியல், கணக்கியல், பொறியியல், கணினி போன்ற துறைகளுக்கானது, கலைப்பிரிவு இல்லை. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நம் மாநிலத்தின் சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி பந்திங்கில் இருக்கிறது, ஆனால் பிள்ளைக்கு வேறு மாநிலக் கல்லூரியில் இடம் தரவும் கூடும்.

"நம் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?" இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்திராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. நன்றாகப் படித்த நம் பிள்ளைகள் பலர் இதனால் வெளியே நின்றார்கள், அந்த வலி நியாயமானது. 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் 10 ஏயும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் தரப்படும் என்று அறிவித்தார். இந்தக் கணக்கில் ஏ மைனஸ் சேருமா என்பதை விண்ணப்பிக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை அந்த அளவு எடுத்திருந்தால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அதற்குக் கீழே என்றாலும் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இரண்டு வாய்ப்பும் வந்தால் எதை எடுப்பது? என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு அறிவியலிலோ கணக்கியலிலோ விருப்பம் இருந்து மெட்ரிகுலேஷன் இடமும் வந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் மிச்சம், விடுதி உண்டு, தினமும் பேருந்தில் அலைய வேண்டாம். பட்டப்படிப்புக்கு வரிசைப்படுத்தும்போது மெட்ரிகுலேஷன் பிள்ளைகளுக்கும் இதே 90-10 கணக்குதான். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஏதாவது மனத்தில் இருந்தால் எஸ்.டி.பி.எம்.தான் பொருத்தம். இங்கிலாந்தின் ஏ-லெவலுக்கு நிகரான தேர்வாக வெளிநாடுகளில் அதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மெட்ரிகுலேஷன் சான்றிதழுக்கு வெளியே அந்த அளவு அறிமுகம் இல்லை.

மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை, மேல்முறையீடு செய்திருக்கிறோம் என்றால்? மேல்முறையீட்டின் முடிவுக்காகப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம். ஆறாம் படிவத்தில் சேர்த்துவிடுங்கள். இடம் வந்தால் விலகிப் போகலாம். வராவிட்டால் ஒரு நாள் பாடமும் வீணாகவில்லை.

அடுத்தது போலிடெக்னிக். நம் வட்டாரத்துக்கு இது ஒரு பெரிய வாய்ப்பு, ஆனால் நம் வீடுகளில் இதைப் பற்றிப் போதுமான பேச்சு இல்லை. செகிஞ்சானிலிருந்து சபாக் பெர்ணாம் போகும் பக்கம், சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா போலிடெக்னிக் இருக்கிறது. நம் வாசலிலேயே நிற்கும் அரசாங்கக் கல்விக்கூடம் அது. போலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்குப் படிப்புக் கட்டணம் ஒரு தவணைக்கு 200 ரிங்கிட். ஏறத்தாழ மூன்று ஆண்டுப் படிப்பு, அதில் ஒரு பகுதி தொழிற்பயிற்சியாக (நிறுவனத்தில் போய் வேலை பழகுவது) அமையும். புத்தகத்தை வைத்து மணிக்கணக்காக உட்கார முடியாத, ஆனால் எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்த்துச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் நிறைய. அவர்களை ஆறாம் படிவத்துக்குத் தள்ளுவது இரு பக்கத்துக்கும் துன்பம். அவர்களுக்கு ஏற்ற இடம் போலிடெக்னிக்.

"டிப்ளோமா எடுத்தால் பட்டம் வாங்க முடியாதா?" முடியும். நல்ல சராசரிப் புள்ளியோடு முடித்தவர்கள் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சில பல்கலைக்கழகங்கள் டிப்ளோமாவில் படித்த பாடங்களைக் கழித்துக்கொள்வதும் உண்டு. ஆறாம் படிவம் வழியே போவதைவிடக் காலம் சற்றுக் கூடும். ஆனால் டிப்ளோமா முடித்தபின் பணத் தட்டுப்பாட்டால் மேற்படிப்பு நின்றால்கூட பிள்ளை கையில் வேலைக்குப் போகும் ஒரு தகுதி இருக்கும். எஸ்.டி.பி.எம். சான்றிதழ் மட்டும் வைத்து வேலை தேடுவது அவ்வளவு எளிதல்ல. இதையும் எடை போட்டுப் பாருங்கள். எஸ்.பி.எம். மதிப்பெண் போலிடெக்னிக்குக்கும் போதவில்லை என்றால் சமூகக் கல்லூரியில் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. சபாக் பெர்ணாமிலேயே ஒன்று இருக்கிறது.

பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக ஆசையா? எஸ்.பி.எம்.மில் குறைந்தது 5 ஏ இருந்தால் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு நேரே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் எஸ்.டி.பி.எம்.மில் தமிழை எடுத்து, தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தையோ, 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையையோ நோக்கிப் போகலாம்.

இனித் தனியார் கல்லூரி. உங்கள் பணம் கரைவதும் தப்புவதும் இங்கேதான். முடிவு வந்த வாரத்திலேயே கைப்பேசியில் அழைப்பு வரும், கல்விக் கண்காட்சிக்குக் கூப்பிடுவார்கள். "இன்றே பதிந்தால் பாதிக் கட்டணம்" என்பார்கள், அதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர் வைப்பார்கள். பல நேரங்களில் அது கட்டணத்தில் செய்யும் தள்ளுபடிதான், கையில் வரும் உதவித்தொகை அல்ல. அன்றே முன்பணம் கட்டாதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

வீட்டில் உட்கார்ந்து என்ன பார்ப்பது? அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் (கல்லூரிப் படிப்புகளை அங்கீகரிக்கும் அரசாங்க அமைப்பு, எம்.கியூ.ஏ.) பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, பிள்ளை படிக்கப்போகும் அதே படிப்பின் பெயர் இருக்க வேண்டும். அடுத்து, முதல் தவணைக்கு எவ்வளவு என்று கேட்டு நிற்காமல், பட்டம் வாங்கும் நாள்வரை விடுதி, தேர்வு, பதிவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் கேளுங்கள்.

"பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறதே?" இருக்கிறது, ஆனால் அது டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் தரும் கடன். அடிப்படைக் கல்வி ஆண்டின் செலவை வீடுதான் தாங்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். டிப்ளோமாவுக்கும் அதற்கு மேலும் எடுக்கலாம், முன்பு இரண்டாம் கணக்கு என்று சொன்னோமே, அதிலிருந்து. சட்டப்படி முடியும் என்றாலும் தயங்குங்கள் என்பேன். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி, பழம் பொறுக்கிச் சேர்த்த அந்தச் சேமநிதிதான் உங்கள் முதுமைக்கு இருக்கும் ஒரே துணை. வேலை நின்றால் தோட்ட வீட்டையும் காலி செய்ய வேண்டியவர்கள் அந்தப் பணத்தின் மேல் கை வைப்பதற்கு முன், கட்டணமில்லாத அரசாங்க வழி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாத் தனியார் கல்லூரியும் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. இலாப நோக்கமில்லாமல் தொடங்கப்பட்ட கல்விக்கூடங்கள் உண்டு. கம்பாரில் யு.டி.ஏ.ஆர்., கெடா செமிலிங்கில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் இரண்டும் நம் பிள்ளைகள் நிறையப் படித்து வந்த இடங்கள். பெஸ்தாரி ஜெயாவிலேயே மாநில அரசின் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கக் கல்விக்கூடத்தில் கிடைக்காத துறை, அதில் பிள்ளைக்கு உறுதியான விருப்பம், குடும்பத்துக்குத் தாங்கும் சக்தி, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

தூரம் ஒரு பெரிய சிக்கல்தான். நம் பக்கம் இரயில் கிடையாது. கிள்ளானிலிருந்து தெலுக் இந்தான் போகும் பழைய சாலையில் ஓடும் பேருந்தை நம்பித்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லா இடைநிலைப்பள்ளியிலும் ஆறாம் படிவம் இல்லை. இருக்கிற பள்ளியிலும் எல்லாப் பாடமும் இராது, அறிவியல் பிரிவு அதைவிடக் குறைவு. ஆகவே இடம் வந்ததும் அந்தப் பள்ளியில் பிள்ளைக்கு வேண்டிய பாடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பள்ளி மாற்றம் கேட்க வழி உண்டு. செகிஞ்சான்காரர்கள் சபாக் பெர்ணாம் மாவட்டக் கல்வி இலாகாவையும், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்தார் கோல சிலாங்கூர் மாவட்டக் கல்வி இலாகாவையும் அணுக வேண்டும். ஆறாம் படிவத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்றாலும் பேருந்து, மதியச் சாப்பாடு, நூல்கள், தேர்வு சார்ந்த செலவு என்று மாதாமாதம் ஏதாவது போய்க்கொண்டேதான் இருக்கும். அதையும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

நம் வட்டாரத்துப் பிள்ளைகளை நாம் உண்மையில் எங்கே இழக்கிறோம்? தேர்வில் தோற்றவர்களை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. எஸ்.பி.எம். எழுதி முடித்து, முடிவு வந்து, வகுப்பு தொடங்கும்வரை பல மாதம் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியில் பையன் தொழிற்சாலைக்கோ பேரங்காடிக்கோ வேலைக்குப் போகிறான். முதல் சம்பளம் வருகிறது. கைப்பேசி வாங்குகிறான், மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட ஆரம்பிக்கிறான். வீட்டிலும் அந்தப் பணம் பழகிப்போகிறது. ஆறாம் படிவத்துக்கு அழைப்பு வரும் நாளில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்பா" என்கிறான். அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதில்லை. பெண் பிள்ளைகளில் சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வேலைக்கே போக வேண்டாமா? போகட்டும், தவறில்லை. ஆனால் எந்தத் தேதியில் வேலையை விடுவது என்பதைச் சேரும் நாளிலேயே பிள்ளையோடு பேசி வையுங்கள். அந்த மாதங்களில் தவணைக் கடன் எதுவும் எடுக்க வேண்டாம். சம்பளத்தில் ஒரு பகுதியைப் படிப்புச் செலவுக்கென்று பிள்ளையின் பெயரிலேயே வங்கியில் போடுங்கள். கிடைக்கும் நேரத்தில் முவெட்டுக்கு ஆங்கிலமும் படிக்கட்டும்.

எஸ்.பி.எம்.மில் தேசிய மொழியோ வரலாறோ தேறவில்லை என்றால்? இந்த இரண்டிலும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. தேறாத தாளை மறுபடி எழுதலாம். வேறு எந்த முயற்சிக்கும் முன் அதற்குப் பதிந்துவிடுங்கள், பள்ளியின் ஆலோசக ஆசிரியர் வழி சொல்வார்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? ஆறாம் படிவத்துக்குத் தகுதி உள்ளவர்களுக்குக் கல்வி அமைச்சே இடம் ஒதுக்கும். ஆனால் அது வீடு தேடி வராது, இணையத்தில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். மெட்ரிகுலேஷனுக்குத் தனி விண்ணப்பம். போலிடெக்னிக்குக்கும் அரசாங்கப் பல்கலைக்கழக டிப்ளோமாவுக்கும் யு.பி.யு. (அரசாங்க உயர்கல்விக் கூடங்களுக்கான பொது விண்ணப்பம்) வழியே போக வேண்டும். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்று கெடாது, எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். இணையம் சரியாக இல்லாத தோட்ட வீடுகளில் இருப்பவர்கள் பள்ளிக்கே போய் ஆலோசக ஆசிரியரிடம் உதவி கேளுங்கள். தேதி கடந்தபின் அலைவதைவிட ஒரு நாள் வேலையை விட்டுப் போவது மேல். எந்த இடம் வந்தாலும் அதன் பதிவு நாளைக் குறித்து வையுங்கள். அன்று வராதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடலாம். பிள்ளையைத் தனியே அனுப்பாமல் வீட்டிலிருந்து ஒருவராவது கூடப் போங்கள்.